எரின் மேட்சன்: கல்லூரி ஹாக்கியின் உச்சமும் எல்லையும்

2019 நவம்பர் 1. புவனேஸ்வரின் கலிங்கா விளையாட்டரங்கில் டோக்கியோ ஒலிம்பிக்குக்கான தகுதிச் சுற்று. முதல் நாள் ஆட்டத்தில் இந்தியப் பெண்கள் ஹாக்கி அணி அமெரிக்காவை 5-1 என்று வென்றது. மறுநாள் அமெரிக்கா 4-1 என்று திருப்பியடித்தது. இரண்டு ஆட்டங்களையும் கூட்டினால் இந்தியாவுக்கு 6, அமெரிக்காவுக்கு 5. இரண்டாம் ஆட்டத்தின் கடைசிக் கால்பகுதியில் ராணி ராம்பால் அடித்த கோல்தான் இந்தியாவை டோக்கியோவுக்கு அனுப்பியது. அங்கே நம் அணி நான்காம் இடம்வரை போனது. அதனால் ராணியின் கோல் நம் நினைவில் நின்றுவிட்டது. முதல் நாள் தோல்வியில் அமெரிக்காவுக்குக் கிடைத்த ஒற்றைக் கோலை அடித்தவரை இங்கே பலர் கவனித்திருக்க மாட்டார்கள். அவர் பெயர் எரின் மேட்சன். வயது 19. நார்த் கரோலினா பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு மாணவி.

புவனேஸ்வரிலிருந்து ஊர் திரும்பிய மூன்று வாரங்களில், மேட்சன் ஆடிய கல்லூரி அணி பிரின்ஸ்டனை 6-1 என்று வீழ்த்தித் தேசியப் பட்டம் வென்றது. அந்தப் பருவத்தில் ஆடிய 23 ஆட்டங்களில் ஒன்றில்கூட அது தோற்கவில்லை. ஐந்து பருவங்கள் கல்லூரிக்காக ஆடி முடித்தபோது அவர் கையில் நான்கு தேசியப் பட்டங்கள் இருந்தன. அமெரிக்கக் கல்லூரி ஹாக்கியின் மிகச் சிறந்த வீராங்கனை யார் என்று அங்கே கேட்டால் பெரும்பாலோர் முதலில் சொல்லும் பெயர் அவருடையது. ஆனாலும் 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் அமெரிக்கா களமிறங்கியபோது அவர் அணியில் இல்லை. டோக்கியோ வாய்ப்பு ஒரு கோலில் போயிற்று. பாரிஸ் வாய்ப்போ திடலுக்கு வெளியே போயிற்று.

ஒரே ஆட்டக்காரரிடம் இவ்வளவு நிறைவும் இவ்வளவு பெரிய குறையும் எப்படிச் சேர்ந்தன? அவரை வளர்த்தெடுத்த அதே ஏற்பாடுதான் அவருக்கு எல்லையையும் வகுத்தது என்பது என் முடிவு. அதை விளங்கிக்கொள்ள, அமெரிக்காவில் ஹாக்கி என்ற ஆட்டம் எங்கே வாழ்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும்.

நமக்கு ஹாக்கி என்றதும் தயான் சந்தும் ராணுவ அணிகளும் ஆண்களின் தங்கப் பதக்கங்களும் நினைவுக்கு வருகின்றன. அமெரிக்காவில் அது நூற்றாண்டுக்கும் மேலாகப் பெண்களின் ஆட்டம். 1901இல் கான்ஸ்டன்ஸ் ஆப்பிள்பீ என்ற இங்கிலாந்துப் பெண்மணி ஹார்வர்டில் ஒரு கோடைக்கால வகுப்புக்கு வந்தபோது இந்த ஆட்டத்தை ஆடிக் காட்டினார். பிறகு வாசர், பிரின் மார் போன்ற பெண்கள் கல்லூரிகளுக்குப் போய்க் கற்றுக்கொடுத்தார். மூச்சிரைக்க ஓடுவது பெண்களுக்கு ஆகாது என்று பலர் நம்பிய காலத்தில், கல்லூரி வளாகத்துக்குள் பெண்கள் முழு வேகத்தில் ஓடி ஆட அனுமதி கிடைத்த ஆட்டங்களில் இது ஒன்று. ஆண்கள் பேஸ்பாலுக்கும் அமெரிக்கக் கால்பந்துக்கும் போய்விட்டார்கள். 1932 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் அமெரிக்க ஆண்கள் அணியை இந்தியா 24-1 என்று வென்றதை நம் விளையாட்டு வரலாறு பெருமையோடு சொல்லும். அந்தப் போட்டியில் கலந்துகொண்டவை மொத்தமே மூன்று அணிகள் என்பதால் அமெரிக்காவுக்கு வெண்கலம் கிடைத்தது. அதன் பின் ஹாக்கியில் அமெரிக்கா பெற்ற ஒரே ஒலிம்பிக் பதக்கம், 1984இல் அதே லாஸ் ஏஞ்சல்ஸில் பெண்கள் வென்ற வெண்கலம்.

1972இல் வந்த சட்டம் நிலைமையை மாற்றியது. அரசுப் பணம் பெறும் கல்வி நிலையங்கள் பாலினத்தின் பேரில் பாகுபாடு காட்டக் கூடாது என்று சொன்ன ‘டைட்டில் நைன்’ பிரிவு, விளையாட்டுக்கும் பொருந்தும் என்று ஆனது. ஒரு பெரிய பல்கலைக்கழகத்தின் அமெரிக்கக் கால்பந்து அணிக்கு மட்டும் நெடுங்காலம் 85 உதவித்தொகைகள் வரை அனுமதி இருந்தது. அத்தனை ஆண்களுக்குச் செலவழிக்கும் நிலையம், பெண்களுக்கும் ஈடான வாய்ப்பைக் காட்டியாக வேண்டும். அப்போது பல கல்லூரிகள், ஏற்கெனவே பெண்கள் ஆடிவந்ததும் அதிகம் பேர் தேவைப்படுவதுமான ஹாக்கியை வலுப்படுத்தின. கல்லூரி விளையாட்டை நடத்தும் என்.சி.ஏ.ஏ. அமைப்பு 1981இல் பெண்கள் ஹாக்கிக்குத் தேசியப் பட்டத் தொடரைத் தொடங்கியது. கனெக்டிகட் முதல் பட்டத்தை வென்றது. அடுத்த மூன்றையும் ஓல்ட் டொமினியன் எடுத்துக்கொண்டது.

ஆனால் கல்லூரிக்குப் பிறகு எதுவும் உருவாகவில்லை. பெண்கள் கூடைப்பந்துக்குத் தொழில்முறை லீக் வந்தது, கால்பந்துக்கு வந்தது. ஹாக்கிக்கு வரவில்லை. பட்டம் வாங்கிய மறுநாளே பெரும்பாலான ஆட்டக்காரர்களின் போட்டி வாழ்க்கை முடிந்துவிடுகிறது. சிலர் நெதர்லாந்து, ஜெர்மனி கிளப்புகளுக்குப் போகிறார்கள். மிகச் சிலர் தேசிய அணியில் நீடிக்கிறார்கள். மற்றவர்கள் வேலைக்குப் போய்விடுகிறார்கள், அல்லது பயிற்சியாளர் ஆகிறார்கள். ஒரு வீராங்கனையின் ஆட்டம் உச்சத்தை நோக்கி ஏறத் தொடங்கும் 22 வயதில் அவருடைய மேடையே எடுக்கப்பட்டுவிடுகிறது. மேட்சனின் கதை முழுவதற்கும் இதுதான் அடித்தளம்.

மேட்சன் 2000ஆம் ஆண்டு பிறந்தவர். வளர்ந்த ஊர் பென்சில்வேனியாவின் சாட்ஸ் ஃபோர்டு. ஃபிலடெல்ஃபியாவைச் சுற்றிய அந்தப் பகுதிதான் அமெரிக்க ஹாக்கியின் நாற்றங்கால். பள்ளி அணிகள், அவற்றுக்கு மேல் கட்டணம் வாங்கிப் பயிற்றுவிக்கும் கிளப்புகள், உள்ளரங்க ஹாக்கி என்று சிறுமிகள் ஆண்டு முழுவதும் மட்டையைக் கையில் வைத்திருக்கிறார்கள். வசதியுள்ள புறநகர்க் குடும்பங்களின் ஆட்டம் இது என்பதை மறைப்பதில் பயனில்லை. ஜார்க்கண்டின் சிம்டேகாவிலோ ஒடிஷாவின் சுந்தர்கட்டிலோ மூங்கில் கழியோடு தொடங்கும் ஒரு பெண்ணின் பாதை வேறு, சாட்ஸ் ஃபோர்டிலிருந்து தொடங்கும் பாதை வேறு. ஆனால் வசதி இருந்த வீடுகள் அங்கே எத்தனையோ. அவற்றிலிருந்து வந்த மற்ற எவருக்கும் வாய்க்காத திறமை மேட்சனிடம் இருந்தது. பள்ளி மாணவியாக இருக்கும்போதே, 17 வயதுக்குள், அவர் அமெரிக்க மூத்தோர் தேசிய அணிக்குள் வந்துவிட்டார். 2018இல் லண்டனில் நடந்த உலகக் கோப்பைக்குப் போன அணியில் இடம்பெற்றார். கல்லூரி வகுப்பில் காலடி வைப்பதற்கு முன் நடந்தது இது.

அவர் தேர்ந்தெடுத்த கல்லூரி, நார்த் கரோலினா மாநிலத்தின் சாப்பல் ஹில் நகரிலுள்ள அரசுப் பல்கலைக்கழகம். கூடைப்பந்தில் மைக்கேல் ஜோர்டனையும் பெண்கள் கால்பந்தில் மியா ஹாமையும் தந்த வளாகம் அது. அங்கே ஹாக்கி என்றால் கேரன் ஷெல்டன். 1981 முதல் 2022 வரை 42 பருவங்கள் ஒரே அணிக்குத் தலைமைப் பயிற்சியாளராக இருந்தவர். 1984 வெண்கலம் வென்ற அமெரிக்க அணியில் ஆடியவர். அந்தப் பதக்கமே விசித்திரமான முறையில் கிடைத்தது: புள்ளிகளிலும் கோல்களிலும் ஆஸ்திரேலியாவுடன் சமநிலை ஏற்பட்டதால், கடைசி ஆட்டத்தைப் பார்வையாளர் வரிசையில் அமர்ந்து பார்த்துக்கொண்டிருந்த அமெரிக்கப் பெண்கள் இறங்கி வந்து பெனால்டி ஸ்ட்ரோக்குகள் அடித்து வென்றார்கள். எதிர்பாராத நேரத்தில் தயாராக இருக்க வேண்டும் என்பதை உடம்பால் அறிந்த ஒருவர், மேட்சனுக்குப் பயிற்சியாளராக வாய்த்தார்.

மேட்சன் சேர்ந்தபோது நார்த் கரோலினா 2009க்குப் பிறகு தேசியப் பட்டம் வென்றிருக்கவில்லை. இறுதிவரை வருவதும் தோற்பதுமாகப் பல ஆண்டுகள் கழிந்திருந்தன. 2018 இலையுதிர் காலத்தில் அந்த வறட்சி முடிந்தது. 23 ஆட்டங்கள், 23 வெற்றிகள். இறுதியில் மேரிலாண்டை 2-0 என்று வென்றார்கள். முதலாண்டு மாணவியான மேட்சன் அந்தப் பருவத்திலேயே ஏ.சி.சி. எனப்படும் அட்லாண்டிக் கடற்கரைப் பல்கலைக்கழகங்களின் குழுவில் சிறந்த தாக்குதல் வீராங்கனை ஆனார். அமெரிக்காவின் மிக வலுவான ஹாக்கிக் குழு அதுதான். முதலாண்டில் கிடைத்த அந்த விருதை அவர் அடுத்த நான்கு பருவங்களிலும் யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. அந்தக் குழுவின் வரலாற்றில் எந்த விளையாட்டிலும் ஐந்து முறை சிறந்த ஆட்டக்காரராகத் தேர்வானவர் அவருக்கு முன் இல்லை. கொரோனாக் காலத்தில் எல்லா மாணவர்களுக்கும் கூடுதலாக ஒரு பருவம் ஆட அனுமதி தரப்பட்டதால்தான் ஐந்தாவது வாய்ப்பே வந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

அவருடைய ஆட்டத்தில் என்ன இருந்தது? கல்லூரி ஹாக்கியில் வேகமான முன்கள வீராங்கனைகளுக்குப் பஞ்சமில்லை. மேட்சனை வேறுபடுத்தியது பந்து கைக்கு வரும் முன்பே முடிவெடுத்துவிடும் குணம். தற்காப்பாளருக்குப் பின்னால் எங்கே இடைவெளி விழப்போகிறது என்று பார்த்து, அங்கே போய் நின்று பந்தை வாங்குவார். வாங்கிய அதே அசைவில் உடம்பைத் திருப்பிக் கோலை நோக்கி அடிப்பார். இடது பக்கமாகப் பந்தைத் தள்ளிக்கொண்டு மட்டையின் விளிம்பால் அடிக்கும் ரிவர்ஸ் அடியை ஒரு ஆபத்தான சோதனையாக அல்லாமல் வழக்கமான அடியாகவே அவர் வைத்திருந்தார். இதனால் கோல்கீப்பர் எந்தப் பக்கம் சாய்வது என்று தீர்மானிக்க முடியாது. நீர் தெளித்த செயற்கைப் புல்லில் பந்து வழுக்கிக்கொண்டு போகும். அந்த வேகத்தில் கால் நொடி தாமதித்தாலும் அடிக்கும் வழி மூடிவிடும். அவர் தாமதித்ததை அரிதாகவே பார்க்க முடியும்.

இன்னொன்றும் உண்டு, அது புள்ளிவிவரத்தில் அவ்வளவாகத் தெரிவதில்லை. பந்தை இழந்ததும் முதலில் திரும்பி ஓடுபவர் அவராக இருந்தார். எதிரணித் தற்காப்பாளர் பந்தை வெளியே எடுக்க முனையும்போது துரத்தி நெருக்குவது முன்கள ஆட்டக்காரரின் வேலைகளிலேயே சலிப்பூட்டுவது. நட்சத்திரங்கள் அதைப் பெரும்பாலும் மற்றவர்களுக்கு விட்டுவிடுவார்கள். நார்த் கரோலினாவின் தாக்குதல் பல நேரங்களில் எதிரணி வட்டத்துக்குப் பக்கத்திலேயே தொடங்கியதற்கு அவர் அந்த வேலையை விரும்பிச் செய்தது ஒரு முக்கியக் காரணம். தான் அடித்தது போக, மற்றவர்கள் அடிப்பதற்கு அவர் தந்த பாஸ்களும் ஏராளம்.

2020 பருவம் கொரோனாவால் இரண்டாகப் பிளந்தது. தேசியத் தொடர் 2021 வசந்த காலத்துக்குத் தள்ளிப்போனது. சாப்பல் ஹில்லிலேயே நடந்த இறுதியாட்டத்தில் மிச்சிகனுடன் 3-3 என்று சமன். கல்லூரி ஹாக்கியில் கூடுதல் நேரம் என்றால் பக்கத்துக்கு 7 பேர்தான், முதலில் விழும் கோலோடு ஆட்டம் முடியும். 11 பேர் ஓடும் அதே அகலத் திடலில் 7 பேர் ஓடும்போது உடம்பில் எஞ்சியிருக்கும் கடைசிச் சொட்டு வலுவும் தெளிந்த மூளையும்தான் முடிவைத் தீர்மானிக்கும். வெற்றிக் கோலை அடித்தவர் மேட்சன். தொடர்ந்து மூன்றாம் பட்டம்.

அதற்கு அடுத்த பருவத்தைப் பற்றிப் பலரும் ஒரு வரியில் கடந்துவிடுகிறார்கள். எனக்கு அதுதான் அவருடைய கல்லூரி வாழ்வின் மிக முக்கியமான பகுதியாகப் படுகிறது. 2021 இலையுதிர் காலத்தில் நார்த் கரோலினா தொடக்கத்திலேயே தடுமாறியது. அனுபவசாலிகள் பலர் பட்டம் பெற்றுப் போயிருந்தார்கள். எதிரணிகள் மேட்சனைச் சுற்றி இரண்டு பேரை நிறுத்தின. ஏ.சி.சி. தொடரை எப்படியோ வென்றார்கள். ஆனால் தேசியத் தொடரின் முதல் சுற்றிலேயே நார்த்வெஸ்டர்னிடம் 2-0 என்று தோற்று வெளியேறினார்கள். நார்த்வெஸ்டர்ன் அந்த ஆண்டுப் பட்டத்தையும் வென்றது. முதல் மூன்று பருவங்களிலும் பட்டம் மட்டுமே பார்த்த ஒருவருக்கு, தன்னைச் சுற்றியுள்ளவர்கள் தளர்ந்தால் தன் திறமை மட்டும் போதாது என்று தெரிந்துகொள்ள நேர்ந்த பருவம் அது. அணியைத் தூக்கி நிறுத்துவது எப்படி என்ற கேள்வி அவருக்கு ஆட்டக்காரர் என்ற நிலையிலேயே எழுந்துவிட்டது. பின்னால் நடந்ததைப் பார்க்கும்போது இந்த ஊகம் தவறாக இருக்க வழியில்லை.

2022இல் அதே நார்த்வெஸ்டர்ன் இறுதியில் எதிரே நின்றது, கனெக்டிகட்டின் ஸ்டோர்ஸ் நகரில். அதுவரை 20 ஆட்டங்களிலும் நார்த் கரோலினா தோற்கவில்லை. 1-1 என்ற நிலையில் ஆட்டம் முடிய இரண்டு நிமிடத்துக்கும் குறைவாக இருந்தபோது மேட்சன் கோல் அடித்தார். கல்லூரிக்காக அவர் அடித்த கடைசிக் கோல் அதுதான். பட்டத்தையும் அதுவே தந்தது. நார்த் கரோலினாவுக்கு அது பத்தாவது பட்டம். ஒன்பது பட்டங்களோடு சமமாக நின்ற ஓல்ட் டொமினியனை அன்று அது தாண்டியது. ஆண்டின் சிறந்த கல்லூரி வீராங்கனைக்கான ஹோண்டா விருது மேட்சனுக்கு மூன்றாம் முறையாகக் கிடைத்தது. தம் கல்லூரி நாளில் ஷெல்டனும் அந்த விருதை மூன்று முறை வாங்கியவர்.

எண்களை வைத்து மட்டும் பார்த்தால் எல்லாச் சாதனையும் மேட்சனுடையது அல்ல. என்.சி.ஏ.ஏ. முதல் பிரிவில் மிக அதிகக் கோல்கள் அடித்தவர் ஓல்ட் டொமினியனுக்கு ஆடிய அர்ஜென்டினா வீராங்கனை மரினா டிஜாகோமோ, 167 கோல்கள். மேட்சன் 130க்கு மேல் அடித்து ஏ.சி.சி. சாதனையைத் தன் பெயரில் எழுதிக்கொண்டார். ஆனால் இடைப்பட்ட காலத்தில் கல்லூரி ஹாக்கியில் தற்காப்பின் தரம் மிகவும் உயர்ந்துவிட்டது. வெளிநாட்டு ஆட்டக்காரர்கள் ஏராளமாக வந்து சேர்ந்துவிட்டார்கள். அந்தச் சூழலில், ஆண்டின் மிக வலுவான எதிரணிகளுக்கு எதிராக, மூன்று பருவங்கள் தோல்வியே இல்லாமல் முடித்த அணிகளின் தலையான ஆட்டக்காரராக அவர் இருந்தார். பட்டத்தைத் தீர்மானிக்கும் கோலை இரண்டு இறுதியாட்டங்களில் அடித்தார். தட்டிப்பறிக்க ஆளில்லாத நேரத்தில் குவிக்கும் கோல்களைவிட இவற்றுக்கு எடை அதிகம். அவரை முதலிடத்தில் வைப்பவர்களோடு நானும் உடன்படுகிறேன்.

2022 டிசம்பரில் ஷெல்டன் ஓய்வு பெற்றார். அந்த இடத்துக்குத் தன்னைக் கருதும்படி பல்கலைக்கழகத்தின் விளையாட்டு இயக்குநர் பப்பா கன்னிங்காமிடம் மேட்சன் தாமே கேட்டார். 2023 ஜனவரி கடைசியில், 22 வயதில், அவர் தலைமைப் பயிற்சியாளராக அறிவிக்கப்பட்டார். துணைப் பயிற்சியாளராக ஒரு நாள்கூட இருந்ததில்லை. சில வாரங்களுக்கு முன்வரை தன்னோடு தங்கி, தன்னோடு ஓடி, தன்னிடம் பந்து வாங்கியவர்களையே இனி அவர் தேர்வு செய்ய வேண்டும், உட்கார வைக்க வேண்டும், கண்டிக்க வேண்டும். பலருக்கு இது பைத்தியக்காரத்தனமாகத் தோன்றியது. தோன்றாமல் இருந்தால்தான் வியப்பு. அந்த ஆண்டு நவம்பரில் நார்த் கரோலினா மீண்டும் நார்த்வெஸ்டர்னை இறுதியில் சந்தித்தது. 1-1 என்று நின்ற ஆட்டம் இரண்டு கூடுதல் நேரங்களையும் தாண்டி ஷூட்-அவுட்டுக்குப் போனது. நார்த் கரோலினா வென்றது. ஷெல்டனின் பெயர் சூட்டப்பட்ட அரங்கிலேயே வென்றது. என்.சி.ஏ.ஏ. முதல் பிரிவில் எந்த விளையாட்டிலும் தேசியப் பட்டம் வென்ற மிக இளவயதுத் தலைமைப் பயிற்சியாளர் என்று 23 வயது மேட்சன் பதிவானார். ஆட்டக்காரராக நான்கு, பயிற்சியாளராக ஒன்று.

இந்த நியமனத்தை வெறும் துணிச்சல் என்று கொண்டாடிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். அதில் ஒரு வருத்தமான உண்மையும் இருக்கிறது. மியா ஹாமும் அதே வளாகத்தில் நான்கு பட்டங்கள் வென்றவர். பட்டம் பெற்றபின் அவருக்கு உலகக் கோப்பை இருந்தது, 1996 அட்லாண்டா ஒலிம்பிக் தங்கம் இருந்தது, பின்னர் தொழில்முறை லீக்கும் வந்தது. மேட்சனுக்கு எதிரே அப்படி எதுவும் இல்லை. 22 வயதில் தன் ஆட்டத்திலேயே, தன் நாட்டிலேயே வாழ வேண்டும் என்றால் பயிற்சியாளர் நாற்காலிதான் உருப்படியான வழி. ஆடவும் வேண்டும், பிழைக்கவும் வேண்டும் என்ற இரண்டில் ஒன்றைத்தான் அந்த ஏற்பாடு தருகிறது.

அந்த நாற்காலியில் உட்கார்ந்ததும் தேசிய அணியின் கதவு கனத்துவிட்டது. கல்லூரியின் கடைசி ஆண்டுகளில் அவர் தேசிய அணியிலிருந்து ஒதுங்கியிருந்தார். பாரிஸ் நெருங்கியபோது மீண்டும் ஆட விரும்பினார். அமெரிக்கத் தேசிய அணி ஆண்டு முழுவதும் ஓரிடத்தில் கூடிப் பயிலும் முறையில் இயங்குவது. அந்தத் திட்டத்துக்கு வெளியே இருந்தவரைத் தேர்வுக்குக் கருத, ஹாக்கி அமைப்பு தன் விதிமுறைகளைக் காட்டி மறுத்தது. தனக்கு முயன்று பார்க்கும் வாய்ப்புகூடத் தரப்படவில்லை என்று மேட்சன் வெளிப்படையாகச் சொன்னார். அமெரிக்க நாளேடுகள் இதை விரிவாக எழுதின.

இரு பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. கூட்டாகப் பயிலும் அணி, தன்னோடு மாதக்கணக்கில் வியர்வை சிந்தியவர்களை ஒதுக்கிவிட்டுப் பெயர்பெற்ற ஒருவரைக் கடைசி நேரத்தில் சேர்த்தால் உள்ளே என்ன நடக்கும் என்பது விளையாட்டு தெரிந்தவர்களுக்குப் புரியும். ஆனால் விதி என்பது சிறந்த ஆட்டக்காரர்களைக் கண்டெடுக்கத்தான். முழுநேரப் பயிற்சிக்கு வர வேண்டும் என்றால் அதற்குரிய சம்பளமும் பாதுகாப்பும் தர வேண்டும். அதைத் தர வழியில்லாத அமைப்பு, வேலைக்குப் போனவரை ‘திட்டத்துக்கு வெளியே இருப்பவர்’ என்று ஒதுக்குவது சரியல்ல. குறைந்தபட்சம் ஒரு தேர்வுப் போட்டியில் ஆடிக் காட்ட விட்டிருக்க வேண்டும். தகுதி இல்லை என்று தெரிந்தால் அப்போது மறுத்திருக்கலாம்.

இதற்கிடையில் 2024 ஜனவரியில் ராஞ்சியில் பாரிஸ் ஒலிம்பிக்குக்கான தகுதிச் சுற்று. புவனேஸ்வரில் இந்தியாவிடம் இழந்ததை அமெரிக்கா அங்கே மீட்டுக்கொண்டது. லீக் ஆட்டத்தில் இந்தியாவை 1-0 என்று வென்று, இறுதிவரை சென்று பாரிஸுக்குத் தகுதி பெற்றது. அரையிறுதியில் ஜெர்மனியிடம் ஷூட்-அவுட்டில் தோற்ற இந்தியா, மூன்றாம் இடத்துக்கான ஆட்டத்தில் ஜப்பானிடமும் தோற்று ஒலிம்பிக் வாய்ப்பை இழந்தது. அப்போது இந்தியாவின் பயிற்சியாளர் யானெக்கே ஷாப்மன். 2019இல் புவனேஸ்வரில் அமெரிக்க அணிக்குப் பயிற்சியாளராக இருந்தவரும் அவரே. மேட்சனின் பன்னாட்டு ஆட்டத்தை அருகிலிருந்து பார்த்த அவர், அடுத்த மாதமே இந்தியப் பொறுப்பை விட்டு விலகினார். பாரிஸுக்குப் போன அமெரிக்க அணி குழுச் சுற்றைத் தாண்டவில்லை. கோல் அடிக்க ஆளில்லாமல் அந்த அணி திணறிய ஆட்டங்களைப் பார்த்தவர்களுக்கு மேட்சனின் பெயர் நினைவுக்கு வராமல் இருந்திருக்காது.

இங்கே நம் நாட்டு நிலையை ஒப்பிட்டுப் பார்ப்பது பயனுள்ளது. இந்திய வீராங்கனைகளுக்கு ரயில்வேயும் காவல்துறையும் பொதுத்துறை நிறுவனங்களும் விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை தருகின்றன. அந்த வேலை ஹாக்கியை விடச் சொல்வதில்லை, தொடர்ந்து ஆடச் சொல்கிறது. 22 வயதில் ஒருவர் தேசிய முகாமுக்குப் போனால் வீட்டுக்குச் சம்பளம் வந்துகொண்டிருக்கும். ராணி ராம்பாலைப் போன்று எளிய வீடுகளிலிருந்து வந்தவர்கள் பத்தாண்டுக்கும் மேல் நாட்டுக்காக ஆட முடிந்தது இதனால்தான். கல்லூரி என்ற அளவில் நாம் அமெரிக்காவின் பக்கத்தில்கூட நிற்க முடியாது. அங்கே ஒரு மாணவி படித்துக்கொண்டே நீர் தெளித்த தனித் திடலில், முழுநேரப் பயிற்சியாளர்களோடு, மருத்துவரும் உடற்பயிற்சி வல்லுநரும் பக்கத்திலிருக்க ஆடுகிறார். நம் ஏற்பாட்டில் படிப்பு பின்னுக்குப் போகிறது. அவர்கள் ஏற்பாட்டில் படிப்பு முடிந்ததும் ஆட்டம் முடிந்துவிடுகிறது. எது மேல் என்று ஒரு வார்த்தையில் சொல்ல என்னால் இயலாது. ஆனால் ஆட்டக்காரருக்கு 22க்குப் பிறகு வாழ்க்கை தருவதில் நம் பழைய வேலை ஒதுக்கீட்டு முறை இன்னும் பெருமைக்குரியது என்றே நினைக்கிறேன்.

அமெரிக்கக் கல்லூரி ஹாக்கியின் நிலமும் இப்போது அசைகிறது. 2021 முதல் மாணவ ஆட்டக்காரர்கள் தங்கள் பெயரையும் படத்தையும் வைத்து விளம்பர வருவாய் பெறலாம். 2025 ஜூனில் நீதிமன்றம் ஒப்புக்கொண்ட உடன்பாட்டின்படி, பல்கலைக்கழகங்களே ஆண்டுக்குச் சுமார் 2 கோடி டாலர் வரை ஆட்டக்காரர்களுக்கு நேரடியாகப் பகிரலாம். அந்தப் பணத்தில் பெரும்பங்கு ஆண்களின் அமெரிக்கக் கால்பந்துக்கும் கூடைப்பந்துக்கும்தான் போகிறது. போதாததற்கு, தொலைக்காட்சிப் பணத்துக்காகக் குழுக்கள் கலைந்து சேர்ந்ததில், பசிபிக் கரையிலுள்ள ஸ்டான்ஃபோர்டும் கலிஃபோர்னியாவும் 2024 முதல் அட்லாண்டிக் கரைக் குழுவில் ஆடுகின்றன. ஹாக்கி ஆடும் மாணவிகள் ஒரு லீக் ஆட்டத்துக்காகக் கண்டத்தைக் கடந்து பறக்கிறார்கள். வருவாய் ஈட்டாத ஆட்டம் என்ற பட்டியலில் முதலில் கத்தி விழுவது ஹாக்கி போன்றவற்றின் மேல்தான். கல்லூரியும் கைவிட்டால் அமெரிக்கப் பெண்கள் ஹாக்கிக்கு வேறு வீடு கிடையாது. மேட்சனைப் போன்ற இன்னொருவர் உருவாவதற்கான மண்ணே அது.

2028 ஒலிம்பிக் மீண்டும் லாஸ் ஏஞ்சல்ஸில் நடக்கிறது. நடத்தும் நாடு என்பதால் அமெரிக்காவுக்குத் தகுதிச் சுற்று இல்லை. அப்போது மேட்சனுக்கு வயது 28, முன்கள வீராங்கனைக்கு அது தாமதமான வயது அல்ல. 1932இலும் 1984இலும் ஹாக்கிப் பதக்கம் தந்த அதே நகரத்துக்கான அணியைத் தேர்ந்தெடுக்கும்போது, அவருக்கானாலும் அவரைப் போல வேலைக்குப் போன வேறு எந்த ஆட்டக்காரருக்கானாலும், திடலில் ஆடிக் காட்டும் வாய்ப்பை விதிமுறையின் பேரில் மறுக்கக் கூடாது. அமெரிக்க ஹாக்கி அமைப்பு இதை இப்போதே எழுதி வைக்க வேண்டும்.